கறி லக்சா: விழுது வதங்கினால்தான் குழம்பு

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சாப்பிட்ட கறி லக்சா எனும் நூடுல்ஸ் குழம்பை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். காரம் இருக்கிறது, தேங்காய்ப்பால் இருக்கிறது, இறாலும் போட்டாயிற்று; ஆனாலும் அந்த வாசம் வரவில்லை. பொருள் ஏதோ குறைந்ததால் இப்படி ஆவது அபூர்வம். அரைத்த விழுதை ஐந்து நிமிடம் வதக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றியதுதான் காரணம். மலாயில் ரெம்பா என்று சொல்லும் அந்த விழுது அடுப்பில் 25 நிமிடமாவது இருக்க வேண்டும். நன்றாகச் செய்கிற கடைகளில் ரகசியப் பொருள் எதுவும் கிடையாது. அவர்கள் வதக்குகிற நேரம்தான் கூடுதல்.

லக்சா என்ற ஒரே பெயரில் பல உணவுகள் இருக்கின்றன. பினாங்கின் அசாம் லக்சாவில் தேங்காய்ப்பாலே கிடையாது; கானாங்கெளுத்தி மீனும் புளியும் சேர்ந்த புளிப்புச் சாறு அது. கோலாலம்பூரில் கறி மீ என்று கேட்டால் மஞ்சள் மீ எனும் கோதுமை நூடுல்ஸும் கறித்தூள் வாசமும் தூக்கலாக வரும். கீழே சொல்லியிருப்பது சிங்கப்பூர், மலாக்கா பெரானாக்கான் (மலாய் மண்ணில் வேரூன்றிய சீன வம்சாவளியினர்) வீடுகளின் வழியில் வந்த தேங்காய்ப்பால் லக்சா. சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில் இதன் நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, கரண்டி மட்டும் கொடுப்பார்கள், குச்சி தேவைப்படாது. வீட்டில் குழந்தைகளுக்குக் கொடுக்கவும் அது வசதியான முறை.

அளவுகள் நான்கு பேருக்கு. முதல்முறை செய்கிறவர்கள் இரண்டரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விழுது கைவசம் இருந்தால் அடுத்த முறை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வாங்க வேண்டியவை

விழுதுக்கு: காய்ந்த மிளகாய் 20, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 6 பல், பேரரத்தை 30 கிராம், எலுமிச்சைப்புல் 3 தண்டு, பச்சை மஞ்சள் ஒரு விரல் நீளம், புவா கெராஸ் கொட்டை 6, பெலாச்சான் 15 கிராம், காய்ந்த இறால் 40 கிராம், மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் 120 மில்லி.

குழம்புக்கு: தலையும் ஓடும் உள்ள இறால் அரை கிலோ, கெட்டித் தேங்காய்ப்பால் 500 மில்லி, லக்சா இலை ஒரு கட்டு, உப்பு, சர்க்கரை.

கிண்ணத்துக்கு: தடித்த அரிசி நூடுல்ஸ் காய்ந்ததாக இருந்தால் 320 கிராம், ஈரமாக இருந்தால் 700 கிராம். தாவ் போக் எனும் பொரித்த டோஃபு 12, மீன் சதையை அரைத்துச் செய்த மீன் கேக் ஒன்று, அவித்த முட்டை 2, முளைப்பயறு இரண்டு கைப்பிடி, ஒரு வெள்ளரிக்காய்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேக்கா சந்தைக்கு ஒரு நடை போனால் போதும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத்தான் சில பொருட்களில் தடுமாற்றம் வரும். மாற்றுப் பொருள் போடலாம். எதற்கு எது ஒத்துவரும் என்று தெரிந்து போட வேண்டும்.

மிளகாயில் ஆரம்பிப்போம். இருபதில் 14 காஷ்மீரி அல்லது பியாடகி, மீதி 6 காரமான நீள மிளகாய் என்று வையுங்கள். நிறத்தைக் கொடுப்பது முதல் வகை, உறைப்பைக் கொடுப்பது இரண்டாவது. இருபதும் கார மிளகாயாகப் போட்டால் வாயில் வைக்க முடியாது. காரத்துக்குப் பயந்து எட்டு மிளகாயோடு நிறுத்தினால் குழம்பு வெளிறிப் போகும். காரத்தைக் குறைக்க நினைப்பவர்கள் எண்ணிக்கையைக் குறைக்காமல், மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிடுங்கள். விதையோடு ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் காரம் அதிகம். அதுவும் சேர்ந்து போய்விடும்.

பேரரத்தை பசுமையாகக் கிடைத்தால் நல்லது. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது காய்ந்தது; அதை 10 கிராம் எடுத்து முந்தின இரவே ஊறவைத்து, தட்டித்தான் மிக்ஸியில் போட வேண்டும். சித்தரத்தை இதே குடும்பம்தான் என்றாலும் மருந்து நெடி அதிகம், பாதி அளவே போதும். இரண்டும் இல்லாவிட்டால் இஞ்சி போடலாம். வாசம் கொஞ்சம் வேறு பக்கம் போகும், ஆனால் குழம்பு கெட்டுவிடாது. எலுமிச்சைப்புல்லுக்கு மாற்றே கிடையாது. எலுமிச்சைச் சாறு அதன் இடத்தை நிரப்பாது. சாறு புளிப்புக்கு, புல் வாசத்துக்கு. இந்தப் புல் தொட்டியில் களைபோல வளரும். ஒரு தடவை வேரோடு வாங்கி ஊன்றிவிட்டால் பிறகு கடைக்குப் போகவேண்டியதில்லை.

புவா கெராஸ் எண்ணெய்ச் சத்து மிகுந்த வெள்ளைக் கொட்டை. குழம்பைக் கெட்டியாக்கி வழவழப்பைத் தருவது அதுதான். அதைப் பச்சையாக வாயில் போடாதீர்கள், வயிற்றைக் கலக்கிவிடும்; வெந்தபின் பயமில்லை. அது கிடைக்காத ஊரில் 10 முந்திரி சரியாக வரும்.

பெலாச்சான் என்பது பொடி இறாலை உப்புப் போட்டு நொதிக்கவைத்து, காயவைத்த கட்டி. இது இல்லாவிட்டால் காய்ந்த இறாலை 60 கிராமாக்கி, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸ் ஊற்றுங்கள். நொதித்த ருசி ஓரளவு ஈடாகும். மாசிக்கருவாடு கைவசம் இருக்கிறதே என்று இலங்கைத் தமிழர்களுக்குத் தோன்றலாம். அதில் சூரை மீனின் புகைவாசம் இருக்கிறது, அது குழம்பைச் சம்பல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். இதில் வேண்டாம்.

லக்சா இலைக்கு மலாயில் தாவுன் கெசும் என்று பெயர். ஒல்லியான, கூர்மையான இலை. கசக்கினால் மல்லித்தழை வாசமும் மிளகின் உறைப்பும் சேர்ந்து வரும். தண்டைத் தண்ணீரில் நிறுத்திவைத்தாலே வேர் விடும். கிடைக்காதவர்கள் மல்லித்தழையும் புதினாவும் சரிபாதி எடுத்துக்கொள்ளுங்கள். புதினாவைக் குழம்பில் கொதிக்கவிடாமல் கிண்ணத்தில் மட்டும் தூவ வேண்டும்.

இறால் ஓட்டுச் சாறு

இறாலை உரித்துத் தலையையும் ஓட்டையும் தனியே வையுங்கள். சதையில் அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடலாம். அகலமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஓட்டையும் தலையையும் நல்ல தீயில் ஐந்தாறு நிமிடம் வறுங்கள். சாம்பல் நிறம் முழுக்கப் போய் ஆரஞ்சு நிறமாகி, எண்ணெயும் அதே நிறத்துக்கு மாற வேண்டும். கரண்டியால் தலைகளை நசுக்கிவிடுங்கள். ருசி முழுவதும் அதற்குள்ளேதான் இருக்கிறது. 1.6 லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டு, மெல்லிய கொதியில் 25 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். 1.2 லிட்டர் அளவுக்கு வரும். குறைந்தால் தண்ணீர் சேர்த்துச் சரிசெய்யலாம். அதிக நேரம் கொதித்தால் ருசி கூடும் என்று நினைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடாதீர்கள். ஓட்டிலிருந்து சுண்ணாம்புச் சுவை இறங்கிவிடும்.

கோழி எலும்பும் சேர்த்தால் சாற்றுக்கு நல்ல கனம் கிடைக்கும். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று வேகுமுன் இன்னொன்று கெட்டுவிடும். 300 கிராம் எலும்பை இரண்டு லிட்டர் தண்ணீரில் முதலில் ஒரு மணி நேரம் வேகவைத்து வடித்து, அந்தச் சாற்றைத் தண்ணீருக்குப் பதிலாக வறுத்த ஓட்டில் ஊற்றுங்கள்.

இறாலில் அம்மோனியா நெடி லேசாக அடித்தால்கூட அந்தத் தலைகள் சாற்றுக்கு ஆகாது. பின்னால் எத்தனை மசாலா போட்டாலும் அந்த நெடி மறையாது.

விழுது அரைத்தல்

கிள்ளிய மிளகாயைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம், காய்ந்த இறாலை வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். இறால் ஊறிய தண்ணீரைச் சாற்றில் சேருங்கள். மிளகாய் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் கசப்புண்டு.

பெலாச்சானைத் தட்டையாக அழுத்தி, வெறும் தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் திருப்பி மூன்று நிமிடம் வாட்டுங்கள். காய்ந்து உதிர ஆரம்பித்தால் போதும், கருகினால் கசக்கும். நெடி வீடு முழுக்கப் பரவும், சன்னலைத் திறந்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எலுமிச்சைப்புல்லில் அடியிலுள்ள வெளுத்த 10 சென்டிமீட்டர் மட்டும்தான் அரைக்க. வெளி மடலை உரித்துவிட்டு மெல்லிய வட்டங்களாக நறுக்க வேண்டும். நீளவாக்கில் போட்டால் நார் அறுபடாமல் பிளேடில் சுற்றிக்கொள்ளும், சாப்பிடும்போது பல்லிலும் மாட்டும். மேல் பச்சைப் பகுதியை வீணாக்காமல் முடிச்சுப் போட்டுக் குழம்பில் போடலாம்.

மிக்ஸியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவதுதான் வழக்கமான தவறு. வெங்காயத்தின் தண்ணீர் உடனே விட்டு, பேரரத்தையும் புல்லும் அதில் மிதந்துகொண்டே சுற்றும், அரைபடாது. சின்ன ஜாரில் முதலில் எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள் மூன்றையும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயோடு அரையுங்கள். நைந்தபின் மிளகாயும் கொட்டையும். அதற்குப் பிறகு பூண்டு, வெங்காயம், பெலாச்சான். ஓடாமல் நின்றால் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் விடவே வேண்டாம். விட்ட தண்ணீர் முழுவதும் வதக்கும்போது வற்ற வேண்டும், அதுவரை விழுது வதங்காமல் வேகும். அரைத்ததை விரலிடையில் எடுத்துத் தேய்த்தால் திப்பி தட்டக் கூடாது. காய்ந்த இறாலைக் கடைசியில் தனியாகப் பூவாக அரைத்து எடுத்துவையுங்கள். அதை நைசாக அரைக்க வேண்டாம். லக்சாக் குழம்பைக் குடித்து முடித்ததும் கிண்ணத்தடியில் மணல்மணலாகத் தங்குவது இதுதான். அப்படித் தங்கத்தான் வேண்டும்.

25 நிமிட வதக்கல்

அடி கனமான, அகலமான வாணலியில் மீதி எண்ணெயை ஊற்றுங்கள். 120 மில்லியா என்று மலைக்காதீர்கள், அரைக்க விட்டதும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கடைசியில் கிண்ணத்தில் மிதக்கும் சிவப்பு எண்ணெய் இங்கேதான் உருவாகிறது. அதிகம் என்று தோன்றினால் பிறகு மேலாக மொண்டு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இப்போது குறைத்தால் விழுது அடிப்பிடிக்கும்.

எண்ணெய் மிதமாகச் சூடானதும் விழுதைப் போட்டுக் கிளறுங்கள். முதல் எட்டுப் பத்து நிமிடம் சளசளவென்று தெறிக்கும், ஆவி கண்ணைக் கரிக்கும். வெங்காயத்தின் தண்ணீர் வெளியேறுகிற நேரம் இது. விழுதின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே நடுத்தரத் தீ வைக்கலாம். பிறகு சத்தம் மாறும். சளசளப்பு அடங்கி, மெல்லிய பொரிகிற சத்தம் வரும். அப்போது தீயைக் குறைக்க வேண்டும். தண்ணீர் போய்விட்டதால் சூடு மளமளவென்று ஏறும். விழுது நிறம் மாறத் தொடங்குவதும், மிளகாயின் நிறமும் பேரரத்தையின் வாசமும் எண்ணெயில் இறங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். கருகுவதும் இந்தக் கட்டத்தில்தான், அதனால் கையை எடுக்காமல் அடியைச் சுரண்டிக்கொண்டே இருங்கள்.

15 நிமிடம் ஆனதும் அரைத்த இறாலையும் மல்லித்தூளையும் சேருங்கள். மல்லித்தூளை முன்னாலேயே போட்டால் தீய்ந்துவிடும். அடிப்பிடிக்கிற மாதிரி தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி இறால் சாறு தெளித்துச் சுரண்டிவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

எப்போது முடிந்தது என்பதை மூன்று அடையாளங்கள் சொல்லும். ஆரஞ்சாக இருந்த விழுது செங்கல் நிறத்துக்குக் கருத்திருக்கும். அளவு ஏறத்தாழ பாதியாகியிருக்கும். கரண்டியால் விழுதை ஒரு பக்கம் ஒதுக்கினால், காலியான இடத்தில் சிவப்பு எண்ணெய் தானாக ஊறி வந்து நிற்கும். மலாய்ச் சமையலில் இதற்கு பெச்சா மிஞ்ஞாக் என்று பெயர், நம் சமையலில் எண்ணெய் பிரிந்து வருவது என்போமே, அதேதான். பச்சை வெங்காய நெடி கொஞ்சம் மீந்திருந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். இங்கே மிச்சம் பிடிக்கிற ஐந்து நிமிடத்தைப் பின்னால் குழம்பைக் கொதிக்கவைத்து ஈடுகட்ட முடியாது. தண்ணீர் சேர்ந்த பிறகு சூடு 100 டிகிரிக்கு மேல் போகாது, வதங்குகிற வேலை அதோடு நின்றுபோகும்.

மாறாக, பூண்டு கருகி விழுதில் கசப்பு ஏறிவிட்டதா, அதை வைத்துக் குழம்பை முன்னெடுக்காதீர்கள். சர்க்கரையோ தேங்காய்ப்பாலோ அதை மூடாது. இன்னொரு விழுது அரைப்பதுதான் வழி.

வதங்கிய விழுதில் நான்கு மேசைக்கரண்டியைச் சின்ன வாணலிக்கு மாற்றுங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஊறவைத்து அரைத்த மிளகாய் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் வதக்கினால் மேலே வைக்கிற சம்பால் தயார். காரத்தை முழுவதும் குழம்பில் ஏற்றாமல் ஒரு பங்கை இப்படித் தனியே வைத்தால், வீட்டில் யாருக்கு எவ்வளவு உறைப்பு வேண்டுமோ அவரவர் கலந்துகொள்ளலாம்.

குழம்பும் தேங்காய்ப்பாலும்

வாணலியில் உள்ள விழுதில் இறால் சாற்றை முதலில் இரண்டு கரண்டி ஊற்றிக் கரைத்து, பிறகு மொத்தத்தையும் ஊற்றுங்கள். லக்சா இலையை உருவிவிட்டு வெறுந்தண்டுகளையும், முடிச்சிட்ட எலுமிச்சைப்புல்லையும் போட்டு, மூடாமல் 20 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். உரித்த இறாலை வேகவைக்க இதுவே நல்ல இடம். தீயை அணைத்துவிட்டு இறாலை ஒன்றரை, இரண்டு நிமிடம் குழம்பில் அமிழ்த்தி எடுத்துத் தட்டில் வையுங்கள். வாலும் தலைப்பக்கமும் ஒட்டி வளையமாகச் சுருண்டால் அதிகம் வெந்துவிட்டது என்று பொருள். நூடுல்ஸ் தயாராகும்வரை குழம்பிலேயே விட்டுவைத்தால் இறால் ரப்பராகிவிடும்.

தேங்காய்ப்பாலை வீட்டில் எடுப்பதானால் நடுத்தரத் தேங்காய் இரண்டு. துருவலில் 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் இரண்டு சுற்று ஓட்டிப் பிழிந்தால் முதல் பால் 500 மில்லி அளவில் வரும். அதே துருவலில் எடுக்கும் இரண்டாம் பாலை வீணாக்காமல், ஓட்டுச் சாற்றுக்குத் தண்ணீர் குறைந்தால் அதற்குப் பதிலாகச் சேர்க்கலாம். அட்டைப் பெட்டியில் வரும் பால் திரியாமல் இருக்கப் பொருள் சேர்த்திருப்பார்கள், கையாளச் சுலபம். வீட்டுப் பாலுக்கு வாசம் அதிகம், கவனமும் அதிகம் வேண்டும்.

கவனம் ஏன் என்றால், தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகள் தண்ணீரோடு கலந்து நிற்பது அதிலுள்ள புரதத்தின் தயவால். சூடு 80 டிகிரியைத் தாண்டி ஏறும்போது அந்தப் புரதம் திரள ஆரம்பிக்கும். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் ஒரு பக்கம், வெள்ளைத் திரிதிரியாகப் புரதம் ஒரு பக்கம் பிரிந்துவிடும். மேலே சிவப்பு எண்ணெய் மிதப்பது நாம் விரும்புவது, அது ரெம்பாவின் எண்ணெய். அதன் கீழே குழம்பு திரிந்து தெரிந்தால் அது கோளாறு.

ஆகவே கொதி அடங்கிய குழம்பில்தான் தேங்காய்ப்பாலை ஊற்ற வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றாமல், ஒரு கரண்டி சூடான குழம்பை அதில் கலந்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். ஊற்றியபின் சிறு தீ, மூடி போடவே கூடாது, கரண்டியால் அடியிலிருந்து துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் சின்னக் குமிழிகள் எழும்பினால் அந்தச் சூடு போதும். அதிலேயே ஐந்து நிமிடம். தப்பித் தவறித் திரிந்துவிட்டால், நன்றாக ஆறவைத்து மிக்ஸியில் அரை நிமிடம் ஓட்டி மறுபடி மெல்லச் சூடாக்கலாம். சூடாக இருக்கும்போது மூடிய ஜாரில் ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கியடித்துக் கையையும் முகத்தையும் சுட்டுவிடும்.

உப்பு கடைசியில். பெலாச்சானிலும் காய்ந்த இறாலிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால் முதலில் இரண்டு தேக்கரண்டி, பிறகு ருசி பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. தனியாகக் குடிக்கும்போது ஒரு துளி தூக்கலாகத் தெரிய வேண்டும். உப்பில்லாத நூடுல்ஸும் முளைப்பயறும் சேர்ந்ததும் அது சரியாகிவிடும். சப்பென்று இருக்கிறது என்று புகார் வருகிற லக்சாவில் பெரும்பாலும் குறைவது இந்த அரைத் தேக்கரண்டி உப்புதான். சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. கருப்பட்டி வேண்டாம், நிறத்தையும் வாசத்தையும் மாற்றிவிடும்.

புளிப்பு வேண்டுமென்றால் எலுமிச்சையைக் கிண்ணத்தில் பிழிந்துகொள்ளுங்கள். அடுப்பில் இருக்கும்போது குழம்பில் பிழிந்தால், கொதிக்காவிட்டாலும் திரியும்.

நூடுல்ஸ்

லக்சா பீஹூன் என்று விற்கும் தடித்த, உருண்டையான அரிசி நூடுல்ஸ்தான் இதற்கு உரியது. காய்ந்ததை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தாராளமான தண்ணீரில் எட்டு முதல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். வடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி மாவுப்பசையைப் போக்குங்கள். அலசாவிட்டால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

மெல்லிய பீஹூன்தான் கிடைக்கிறது என்றால் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தாலே போதும். மஞ்சள் மீ போடுகிறவர்கள் அதைக் கொதிநீரில் முக்கால் நிமிடம் போட்டு அலச வேண்டும். அதில் கலந்திருக்கும் காரவுப்பு (அல்கலி) போகாவிட்டால் சோப்பு மாதிரி ஒரு சுவை தேங்காய்ப்பாலில் தூக்கலாகத் தெரியும். இடியாப்பம் இதற்குச் சரிவராது. சூடான குழம்பு பட்டதும் கரைந்து கூழாகிவிடும். பாக்கெட்டில் வரும் உடனடி நூடுல்ஸும் வேண்டாம், அதன் பொரித்த எண்ணெய் வாசம் ரெம்பாவோடு மோதும்.

எதுவானாலும் நூடுல்ஸைக் குழம்பில் போட்டு வேகவைக்காதீர்கள். மாவு கரைந்து குழம்பு கொழகொழத்துவிடும், மீந்த நூடுல்ஸ் குழம்பை எல்லாம் குடித்துவிடும்.

மேலே போடுபவை

தாவ் போக்கை வாங்கினால் கொதிநீர் ஊற்றிப் பிழிந்து பழைய எண்ணெயைப் போக்கி, குறுக்கே இரண்டாக வெட்டி, தேங்காய்ப்பால் சேர்ந்தபின் குழம்பில் போடுங்கள். பஞ்சு மாதிரி குழம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடையில் கிடைக்காவிட்டால் கெட்டித் தாவ்ஃபுவை (டோஃபு) இரண்டு சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டி ஒரு இரவு உறையவைத்து, உருகவிட்டு, தண்ணீரை நன்றாக அழுத்திப் பிழிந்து, மிதமான எண்ணெயில் பொன்னிறமாகப் பொரியுங்கள். உறைந்தபோது பனி விட்ட ஓட்டைகள் உள்ளே நின்று, ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

முளைப்பயறு என்றதும் சுண்டலுக்குப் போடுகிற குட்டை முளை நினைவுக்கு வரலாம். இங்கே வேண்டியது விரல் நீளத்துக்கு வளர்ந்த வெள்ளைத் தண்டு. பாசிப்பயறை ஒரு இரவு ஊறவைத்து, ஓட்டையுள்ள பாத்திரத்தில் பரப்பி, ஈரத்துணி மூடி, மேலே ஒரு கனமான தட்டை வைத்து இருட்டில் விடுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை தண்ணீர் விட்டு வடித்தால் நான்கைந்து நாளில் தயாராகும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசக்கும்; மேலே கனம் இல்லாவிட்டால் தண்டு ஒல்லியாகப் போகும். பரிமாறுமுன் கொதிநீரில் 15 வினாடி காட்டி எடுக்க வேண்டும்.

சிங்கப்பூர் லக்சாவில் சிப்பிச் சதையைப் பாதி வெந்த நிலையில் போடுவது வழக்கம். வீட்டில் அதைச் செய்யாதீர்கள். 1988-இல் ஷாங்காயில் சரியாக வேகாத சிப்பியைச் சாப்பிட்டு ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ மஞ்சள் காமாலை வந்தது. சிப்பி வேண்டுமென்றால் வாய் திறந்தபின்னும் சில நிமிடம் கொதிக்கவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அது இல்லாமலே லக்சா நிறைவாக இருக்கும்.

மீன் கேக்கைச் சாய்வாக நறுக்கி ஒரு நிமிடம் குழம்பில் சூடாக்கினால் போதும். வெள்ளரிக்காயை விதை நீக்கிக் குச்சிகளாக, லக்சா இலையை உருட்டி மெல்லிய கீற்றுகளாக நறுக்குங்கள். இலையை நறுக்கி நேரமானால் கருத்து வாசம் போகும், கடைசி நிமிடத்தில் நறுக்க வேண்டும்.

கிண்ணம் சேர்ப்பது

நூடுல்ஸைக் கொதிநீரில் 20 வினாடி முக்கி, தண்ணீரை நன்றாக உதறிக் கிண்ணத்தில் போடுங்கள். மேலே முளைப்பயறு. ஒரு கரண்டி சூடான குழம்பை ஊற்றி, கரண்டியால் நூடுல்ஸைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழம்பை மறுபடி பாத்திரத்துக்கே சாய்த்துவிடுங்கள். இப்படி இரண்டு முறை. உணவங்காடிகளில் வேகமாகக் கையைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றுவது இதற்காகத்தான்: கிண்ணமும் நூடுல்ஸும் சூடேறிவிடும், ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறும். கொதிக்கக் கூடாத குழம்பு என்பதால் இந்தச் சூடேற்றல் அவசியம். விட்டுவிட்டால் மேசைக்கு வருவதற்குள் லக்சா ஆறிப்போகும்.

மூன்றாவது முறை குழம்பை நிறைய ஊற்றுங்கள், ஆளுக்கு 400 மில்லிக்குக் குறையாமல். அதற்கு முன் பாத்திரத்தின் அடிவரை கலக்கிவிட்டு மொள்ளுங்கள், அரைத்த இறால் அடியில் தங்கியிருக்கும். மேலே தாவ் போக், மீன் கேக், இறால், பாதி முட்டை, வெள்ளரி, ஒரு தேக்கரண்டி சம்பால், கடைசியாக நறுக்கிய லக்சா இலை. உடனே சாப்பிட வேண்டும். பத்து நிமிடம் போனால் அரிசி நூடுல்ஸ் ஊதிக் குழம்பைப் பாதியாக்கிவிடும்.

சைவமாகச் செய்ய

பெலாச்சானுக்குப் பதில் தௌச்சு எனும் நொதித்த சோயா விழுது ஒன்றரை மேசைக்கரண்டி. இதை அரைக்காமல் மல்லித்தூளோடு சேர்த்து வதக்குங்கள். காய்ந்த இறாலுக்குப் பதில் காய்ந்த ஷீட்டாக்கே காளான் 30 கிராம்: ஊறவைத்து, பாதியைப் பூவாக அரைத்து விழுதில், பாதியை நறுக்கிக் குழம்பில். ஊறிய தண்ணீரை வண்டலில்லாமல் வடித்து, முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸின் அடித்தண்டு ஆகியவற்றோடு 40 நிமிடம் வேகவைத்தால் சாறு தயார். உப்பு அசைவத்தைவிட அரைத் தேக்கரண்டி கூடுதலாகக் கேட்கும். வதக்கும் நேரத்தில் மட்டும் சலுகை கிடையாது. இறாலின் துணை இல்லாததால் விழுது இன்னும் நன்றாக வதங்கியிருக்க வேண்டும்.

மீந்தால்

விழுதை இரட்டிப்பாகச் செய்து பாதியை எடுத்துவைப்பது புத்திசாலித்தனம், அரைக்கும் வேலையும் நெடியும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் அளவு இரட்டிப்பானால் வதக்கும் நேரம் 40 நிமிடத்தைத் தொடும், அடையாளங்களைப் பார்த்து இறக்குங்கள். ஆறியபின் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே எண்ணெய் மூடியிருக்கும்படி வைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம், உறைநிலையில் மூன்று மாதம் தாங்கும். ஈரக் கரண்டி படக் கூடாது.

தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஃபிரிட்ஜில் இரண்டு நாள். எப்போது சாப்பிடுவோம் என்று நிச்சயமில்லாத வீட்டில் சாற்றையும் விழுதையும் கலந்த நிலையில் நிறுத்திவைத்து, சாப்பிடும் அளவுக்கு மட்டும் மொண்டெடுத்து அவ்வப்போது தேங்காய்ப்பால் சேர்த்துக்கொள்ளுங்கள்: 300 மில்லி குழம்புக்கு 125 மில்லி பால்.